சுமைதாங்கியும் சுவரொட்டியும்

பேய்ப்படங்களைப் பற்றி நம் பத்திரிகைகளில் அவ்வப்போது வாதம் எழுவதுண்டு. பேய் உண்டு என்பார் ஒரு சாரார். இல்லை என்பார் மற்றொரு சாரார். வாதம் முடிவதற்குள் அடுத்த பேய்ப்படம் வெளிவந்துவிடும். அந்த வாதத்தில் நாம் இன்று இறங்கப் போவதில்லை. பேய் இல்லை என்பதே நம் முடிபு; அதனை இவ்விதழின் வாசகர்களுக்கு மெய்ப்பித்துக் காட்ட வேண்டிய அவசியமுமில்லை. சினிமாக் கொட்டகைக்குள்ளே ஆடும் பேயோடும் நமக்குப் பகையில்லை. காசு கொடுத்து உள்ளே சென்று, இருட்டில் இரண்டரை மணி நேரம் அமர்ந்து, அலறிவிட்டு வீடு திரும்புகிறவன், தானே விரும்பித்தான் அலறுகிறான். அவனுக்கும் படமுதலாளிக்கும் இடையே ஓர் ஒப்பந்தம் உண்டு.

நம் வழக்கு கொட்டகைக்கு வெளியே நிற்கும் பேயைப் பற்றியது. சுவரில் ஒட்டப்படும் பேய், பத்திரிகையின் மேலட்டையில் அச்சிடப்படும் பேய் ஆகிய இவ்விரண்டையும் பற்றியது. இந்தப் பேய்க்குச் சீட்டு வேண்டுவதில்லை, வயது வரம்பில்லை, பார்க்கிறவருடைய சம்மதமும் வேண்டுவதில்லை. பள்ளிக்குப் போகும் பிள்ளையும், சந்தைக்குப் போகும் பாட்டியும், பரிசோதனைக்குப் போகும் சூலியும் அதன் முன்னே நடந்தாக வேண்டும். பார்த்தவர் ஆயிரம் பேரில் படத்தைப் போய்ப் பார்ப்போர் நூறு பேர்கூட இருக்கமாட்டார். ஆகவே, படம் என்ன சொல்லுகிறது என்பது அந்த நூறு பேருக்கு. சுவரொட்டி என்ன சொல்லுகிறது என்பதே எஞ்சிய அத்தனை பேருக்கும்.

சுவரொட்டி என்ன சொல்லுகிறது? பேய்ப்படம் ஒன்றுக்கு விளம்பரச் சித்திரம் எழுதச் சொன்னால், நம் சித்திரக்காரர் எழுதுவது யாரை? ஒரு பெண்ணை. வெள்ளைச் சேலை, அவிழ்த்துவிட்ட கூந்தல், மேலே செருகிய விழி, வெளுத்து வீங்கிய முகம், வாயோரத்தில் வழியும் இரத்தம், சில வேளைகளில் கையிலோ தோளிலோ ஒரு சிசு. பின்னே கருநீல வானம், ஒரு நிலா, ஒரு பட்ட மரம். இரத்தம் சொட்டும் எழுத்திலே படத்தின் பெயர். முகத்துக்கு வெளிச்சம் கீழிருந்து வரும். சூரியனும் விளக்கும் நமக்கு மேலிருந்தே ஒளி தருவன. ஆதலின் கீழிருந்து ஒளி பட்ட எந்த முகமும், அது பெற்ற தாயின் முகமாயினும், அந்நியமாகித் தோன்றும். இத்தந்திரத்தைச் சித்திரக்காரர் யாவரும் அறிவர். அதில் பிழையில்லை. அத்தந்திரத்தை எவர் முகத்தின்மீது பிரயோகிக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

இந்தத் தொழிலின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்போம். 1920-ல் பெர்லின் நகரில் 'டாக்டர் காலிகரியின் பெட்டி' என்ற ஜெர்மானியப் படம் வெளியானபோது, படத்தின் பெயரையோ கதையையோ சொல்லாமல், வழிப்போக்கனை நோக்கி, 'நீயே அந்தக் காலிகரி ஆகவேண்டும்' என்று கட்டளையிடும் சுவரொட்டிகளை ஊரெல்லாம் ஒட்டினார்கள். அதற்கடுத்துப் புகழ்பெற்ற பேய்ப்படம் 'நோஸ்ஃபெராட்டு'. 1922 மார்ச் 4-ஆம் தேதி பெர்லின் மிருகக்காட்சி சாலையின் சலவைக்கல் மண்டபத்தில் அது அரங்கேறியது. அதன் காட்சிகளையும் உடைகளையும் அமைத்த அல்பின் கிராவ் என்பவரே அதன் சுவரொட்டிகளையும் எழுதினார். படம் வெளிவருமுன்பே, 1921-ல், ஒரு நாடக சினிமாப் பத்திரிகையின் இதழ் முழுவதும் அப்படத்துக்கென்றே ஒதுக்கப்பட்டது. அதில் கிராவ் எழுதிய கட்டுரை, செர்பிய நாட்டில் யுத்த காலத்தில் ஒரு குடியானவன் தன் தந்தையே இரத்தம் குடிக்கும் பிணமாகத் திரிந்ததாகச் சொன்ன கதையை நடந்த சம்பவம்போலவே விவரித்தது. 'உண்மைச் சம்பவத்தை அடிப்படையாகக் கொண்டது' என்று இன்று நம் சுவரொட்டிகளின் அடியிலே காணும் வரிக்கு வயது நூறு என்பதை வாசகர் உணர்வாராக.

அமெரிக்காவில் 1931-ல் 'டிராகுலா'வும் 'பிராங்கன்ஸ்டைனு'ம் வந்தன. இங்கிலாந்தின் தணிக்கைச் சபை 1932-லேயே, திகில் படம் என்று எச்சரிக்கும் தனியோர் எழுத்தைப் படங்களின்மேல் இடத் தொடங்கியது. எச்சரிப்பதற்காக இட்ட முத்திரையும் விளம்பரமாகவே பயன்பட்டது என்றால் வியப்பில்லை. 1958-ல் வில்லியம் காசில் என்ற படமுதலாளி, தம் படத்தைப் பார்த்துப் பயத்தால் இறப்பவர் குடும்பத்துக்கு ஆயிரம் டாலர் என்று லண்டன் லாயிட்ஸ் நிறுவனத்திடம் காப்புறுதி எடுத்து, அதையே விளம்பரம் செய்தார். அதே 1958-ல் அமெரிக்காவில் திகில் படங்களுக்கென்றே ஒரு பத்திரிகை பிறந்தது. 1960 முதல் அதன் மேலட்டைகளை எழுதிய பாசில் கோகோஸ் என்ற ஓவியர், சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக ஒளி தெறிக்கும் அரக்க முகங்களால் புகழ்பெற்றார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேலைநாட்டுச் சுவரொட்டியில் அன்று பயமுறுத்தியவன் பெரும்பாலும் ஆண்: ஒரு பிரபு, ஒரு விஞ்ஞானி செய்த பிண்டம், ஓநாயாக மாறும் ஒருவன். அங்கும் பெண் தப்பவில்லை. அரக்கன் கையில் மயங்கித் தொங்கும் இரையாக அவளை எழுதினார்கள். அது வேறு அநியாயம். ஆனால் நம் பக்கத்திலே, மலாய் உலகிலும் தமிழ் உலகிலும், பெண்ணை இரையாக எழுதுவதோடு நிற்கவில்லை. இறந்துபோன பெண்ணையே அரக்கியாக எழுதினோம். அதிலும் எந்தப் பெண்? பிள்ளைப்பேற்றிலே மாண்ட பெண்.

'பொந்தியானாக்' என்ற பெயரை அறியாதவர் இந்நாட்டில் இல்லை. கருவுற்றிருக்கையிலோ மகப்பேற்றிலோ உயிர்விட்டவள் வெள்ளுடையும் நீள்கூந்தலுமாய் வாழைத் தோப்பில் திரிவாள், இரத்தம் குடிப்பாள், பிடரியில் ஆணி அறைந்தால் அடங்கிப் பெண்ணாவாள் என்பது மலாய் மக்களிடை வழங்கும் நம்பிக்கை. அந்தப் பெயரிலேயே சிங்கப்பூரின் கேத்தே-கெரிஸ் நிறுவனத்தார் எடுத்த படம் 1957 ஏப்ரல் 27-ஆம் தேதி கேத்தே கொட்டகையில் வெளியாயிற்று, வாரக்கணக்கில் ஓடிற்று. அதை இயக்கியவர் வேறு யாருமல்லர். தமிழில் 1941-ல் 'மதனகாமராஜன்', 1944-ல் 'தாசி அபரஞ்சி' ஆகிய படங்களை இயக்கிய பி. என். ராவ். மரியா மெனாடோ என்ற பேரழகி அதில் நாயகி. அதே ஆண்டில் இரண்டாம் படம், 1958-ல் மூன்றாம் படம் என்று பேய் பெருகிற்று. போட்டி நிறுவனமும் தன் பங்குக்கு ஒரு பொந்தியானாக்கை ஏவிற்று.

அந்த முதற்படத்தின் கதையைக் கேட்டவர்கள் ஒரு விந்தையை அறிவார்கள். சோமெல் என்ற கூனற்பெண் மந்திர மருந்தால் அழகியாகிறாள். இரத்தத்தை மட்டும் சுவைக்கலாகாது என்பது விதி. கணவனைப் பாம்பு தீண்டுகிறது. நஞ்சை வாயால் உறிஞ்சி எடுக்குமாறு அவன் வேண்ட, அவள் உறிஞ்சுகிறாள், இரத்தம் நாவிற் படுகிறது, பேயாகிறாள். அதாவது, கணவன் உயிரைக் காத்ததற்கு அவள் பெற்ற பரிசு பேயுருவம்! இந்த அநீதியை உணர்ந்து கண்ணீர் விட்டவரும் கொட்டகைக்குள் இருந்திருப்பர். ஆனால் அப்படத்தின் சுருளும், அதனைத் தொடர்ந்த இரண்டாம் படத்தின் சுருளும் இன்று கிடைப்பதில்லை, அழிந்தொழிந்தன. எஞ்சியவை சில நிழற்படங்களும், விளம்பரங்களும், சுற்றி நின்ற பேச்சுமே. கதை செத்தது, கோர முகம் நின்றது. சுவரொட்டி படத்தைவிட நெடுநாள் வாழும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இனி வேறொரு கணக்கைப் பாருங்கள். அப்படம் வெளிவந்த நான்கு மாதங்களில் மலாயா சுதந்திரம் பெற்றது. அந்த 1957-ஆம் ஆண்டில், இந்நாட்டில் உயிரோடு பிறந்த ஒவ்வொரு லட்சம் குழந்தைகளுக்கும் ஏறத்தாழ 280 தாய்மார் மகப்பேற்றை ஒட்டி இறந்தனர். 2019-ல் அந்த எண்ணிக்கை ஏறத்தாழ 21. இடையிலே நடந்தது என்ன? பேயோட்டியவர் பெருகினரா? ஆணி அறைந்தார்களா? இல்லை. கிராமந்தோறும் சுகாதார நிலையம் வந்தது. பயிற்சி பெற்ற மருத்துவச்சி வந்தாள். இரத்தம் ஏற்றவும், வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுக்கவும் வசதி வந்தது. பேறுகாலச் சாவு ஒவ்வொன்றையும் விசாரித்துக் காரணம் எழுதும் முறை 1991-ல் வந்தது. பொந்தியானாக்கை ஒழித்தவள் மிதிவண்டியில் வந்த மருத்துவச்சியே. அவளுக்கு எந்தச் சுவரில் சித்திரம் எழுதினோம்?

தமிழர் இதில் குற்றமற்றவர் என்று எவரும் மார்தட்ட வேண்டாம். பிள்ளைத்தாய்ச்சி இறந்தால் பேயாவாள் என்னும் மௌட்டிகம் நம்மிடையும் உண்டு. ஆயினும் நம் முன்னோர் அந்தப் பயத்தோடு இன்னொன்றும் செய்தார்கள். சூலுற்ற பெண் பிள்ளை பெறாமலே மாண்டால், அவள் நினைவாக வழியோரத்திலே சுமைதாங்கிக் கல் நாட்டினார்கள். இரண்டு கற்களை நிறுத்தி, மேலே ஒரு கல்லைக் கிடத்துவார்கள். தலைச்சுமையோடு நெடுவழி நடப்பவன், பிறர் கைதாங்கல் இன்றியே சுமையை அதன்மேல் சரித்து இளைப்பாறுவான். வயிற்றுச் சுமையை இறக்காமலே போனாளே, அவள் பெயரால் ஊரார் சுமையேனும் இறங்கட்டும் என்பது கருத்து. அதற்குள்ளும் ஆவி சாந்தியடைய வேண்டும் என்ற பயம் இருந்தது, மறைக்க வேண்டுவதில்லை. ஆனால் அந்தப் பயத்தின் முடிவிலே ஊருக்கு ஒரு பயன் நின்றது. செத்தவளுக்குப் பெருமை நின்றது. படிப்பறியாத குடியானவன், செத்த சூலியை நினைத்துக் கல் நட்டு வழிப்போக்கனுக்கு நிழல்போல் உதவினான். படித்துப் பட்டம் பெற்ற நாம், அதே சூலியை நினைத்துக் காகிதம் ஒட்டி வழிப்போக்கனைப் பயமுறுத்துகிறோம். எது நாகரிகம்?

'இதெல்லாம் வெறும் சித்திரந்தானே, இதனால் யாருக்கு என்ன கெடுதி?' என்று கேட்பார் உளர். கேட்கட்டும். அவர்களுக்கு நாம் பெக்கோக்கில் கண்டதைச் சொல்லுகிறோம். பிறரைக் குறைகூறச் சொல்லவில்லை, குற்றவாளி நாமே.

ஜொகூர் மாநிலத்தில், சிகாமட் வட்டாரத்தில், லாபிசுக்கும் பாலோவுக்கும் இடையே ரயில் நிற்கும் சிறு ஊர் பெக்கோக். ஒரு கடைத்தெரு, ஒரு ரயில் நிலையம், சுற்றிலும் ரப்பரும் செம்பனையும். அங்கே ஒரு தோட்டத்தில் நாம் கிராணி வேலை பார்க்கிறோம். தோட்டத்திலே தமிழ்க் குடும்பங்கள் முன்போல் இல்லை. இருக்கிற சிலரை ஒன்றுகூட்டச் சென்ற ஆண்டு தீபாவளியை ஒட்டி இளைஞர்கள் திடலில் திரைகட்டிப் பேய்ப்படம் ஒன்று காட்ட முனைந்தார்கள். விளம்பரம் செய்ய ஆள் தேடினார்கள். ஆங்கிலப் பள்ளியில் படித்தவர், கணினி தெரிந்தவர் என்று நம்மிடம் வந்தார்கள். நமக்கும் உச்சி குளிர்ந்தது. அலுவலகத்திலே, வருகைப் பதிவும் சம்பளப் பட்டியலும் முடிந்த பிறகு, இரண்டு மாலை செலவிட்டுச் சித்திரம் தயாரித்தோம். மேலே சொன்ன இலக்கணம் ஒன்றும் வழுவவில்லை: வெள்ளைச் சேலை, விரிகூந்தல், செருகிய விழி, வாயோரத்தில் இரத்தம், தோளிலே சிசு. இளைஞர் மன்றத்தார் நகலெடுத்து நடத்தும் சிறு மலருக்கும் அதையே மேலட்டை ஆக்கினோம். லயத்துச் சுவரிலும், கடை முகப்பிலும், ஆயாக் கொட்டகைத் தூணிலுங்கூட ஒட்டினார்கள். குழந்தைகள் கண்ணை மூடிக்கொண்டு அவ்விடத்தை ஓடிக் கடந்தன. அதைக் கண்டு நாம் சிரித்தோம். நம் வேலை பலித்ததென்று மகிழ்ந்தோம்.

ஒரு திங்கள் கழியவில்லை. லயத்திலே எட்டு மாதக் கர்ப்பிணி ஒருத்தி, தலைவலி என்றும் கண் மங்குகிறது என்றும் இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தவள், ஓரிரவு விழுந்து கைகால் வெட்டி இழுத்தாள். நாம் ஓடிச் சென்று பார்த்தபோது முகம் வீங்கியிருந்தது; கூந்தல் கலைந்து கிடந்தது; விழி மேலே செருகியிருந்தது; நாக்கைக் கடித்துக்கொண்டதால் வாயோரத்தில் இரத்தம் வழிந்தது. சுற்றி நின்றவர்கள் ஒருவரும் அவளைத் தொடவில்லை. வண்டியை எடுங்கள் என்றோம், ஒருவரும் அசையவில்லை. பூசாரியை அழைத்துவர ஆள் போயிருந்தது. ஒரு மூதாட்டி நம்மைப் பார்த்துச் சொன்னாள்: "கிராணி ஐயா, நீங்க ஒட்டுனீங்களே காயிதம், அதுல இருக்கிறவதான் ஐயா இவமேல வந்திருக்கா. மூஞ்சியப் பாருங்க."

பார்த்தோம். மூதாட்டி சொன்னது மெய். நாம் எழுதிய முகமேதான் அது.

முக்கால் மணி நேரம் வீணாயிற்று. பிறகு அவள் கணவனும் நாமும் தூக்கி வண்டியில் கிடத்தி மருத்துவமனை சேர்த்தோம். தாய் பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை. அந்த முக்கால் மணி நேரம் இருந்திருந்தால் குழந்தை தப்பியிருக்குமா என்று வைத்தியரிடம் கேட்க நமக்குத் துணிவு வரவில்லை.

அவளுக்கு வந்தது பேயன்று, கர்ப்பகால ஜன்னி. இரத்த அழுத்தம் மிகுந்து, முகமும் கையும் வீங்கி, தலை வலித்து, பார்வை மங்கி, ஈற்றிலே வலிப்பாக வெடிக்கும் நோய். தாய்மாரைக் கொல்லும் நோய்களில் உலகெங்கும் முன்னணியில் நிற்பது. அதற்கு மக்னீசியம் சல்பேட்டு என்ற மலிவான உப்பு மருந்தே சிறந்தது என்பது, பல நாடுகளில் ஒருங்கே நடத்தி 1995-ல் வெளியிட்ட பெரிய ஆராய்ச்சியால் ஐயந்திரிபற நிலைநாட்டப்பட்டது. நேரத்தோடு கொண்டுசேர்த்தால் பிழைக்க வைக்கலாம். அவ்வாறே, பிள்ளை பெற்ற சில நாட்களில் உறக்கமற்று, உளறி, பெற்ற பிள்ளையையே அந்நியமாய்ப் பார்க்கும் மனநோய் ஒன்று சிலருக்கு வரும். மலாய்க்காரர் அதை 'மெரோயான்' என்பர், நம்மவர் 'காற்றுச் சேட்டை' என்பர், அதற்கும் மருந்துண்டு. இந்த இரண்டு நோயின் குறிகளையும் வரிசையாக எழுதி, நம் பேய்ச் சுவரொட்டியின் பக்கத்திலே வைத்துப் பாருங்கள். வீங்கிய முகம், செருகிய விழி, இரத்தம் தோய்ந்த வாய், கலைந்த கூந்தல், சிசுவோடு வெறித்து நிற்கும் தாய். நோயாளியின் உருவத்தைத்தான் பேயின் உருவமென்று நாம் ஊருக்குக் கற்பிக்கிறோம்! வைத்தியர் கையேட்டில் 'உடனே மருத்துவமனைக்கு' என்றிருக்கும் குறிகளுக்கெல்லாம் சுவரொட்டி 'உடனே ஓடு' என்று பொருள் சொல்லுகிறது.

அந்த மூடநம்பிக்கையை நம் சுவரொட்டி பிறப்பித்ததென்று நாம் சொல்லவில்லை. அது பழையது. மங்கிக் கிடந்த அதற்கு நாம் புதுவண்ணம் பூசினோம். முகமில்லாதிருந்ததற்கு முகம் கொடுத்தோம். இக்குற்றம் போதாதா?

எதிர்வாதங்களைத் தட்டிக் கழிக்க விரும்பவில்லை. வலிமையானது ஒன்று உண்டு. 'பேய்ப்படம் அநீதி இழைக்கப்பட்டவளின் குரல். உயிரோடிருக்கையில் கேளாத நியாயத்தை இறந்தபின் அவள் கேட்கிறாள். பழையனூர் நீலி கதை முதல் அதுதானே மரபு? 2004-ல் ஷுஹைமி பாபா என்ற பெண் இயக்குநர் எடுத்த மலாய்ப் படத்தில், கருவுற்றிருக்கையில் கொலையுண்ட நடனப் பெண்ணல்லவா பொந்தியானாக்காக வருகிறாள்? 2011-ல் வந்த 'காஞ்சனா'வில் கொலையுண்ட திருநங்கையல்லவா நியாயம் கேட்டு வருகிறாள்?' என்பர். நன்று, ஒப்புக்கொள்ளுகிறோம். ஆனால் அந்த நியாயம் படத்துக்குள்ளே, இரண்டாம் பாதியிலே இருக்கிறது. சுவரிலே அது இல்லை. சுவரிலே அவள் வழக்கு இல்லை; அவள் கோரமே உண்டு. கொன்றவன் முகத்தை எந்தச் சுவரொட்டியாவது பயங்கரமாக எழுதிற்றா? கொலைகாரனுக்கு மறைவு, கொலையுண்டவளுக்குக் கோரைப்பல்! 1993-ல் மலையாளத்தில் வந்த 'மணிச்சித்திரத்தாழு', அதன்வழித் தமிழில் 2005-ல் வந்த 'சந்திரமுகி' ஆகியவற்றின் கதை, பேயென்று ஊரார் கருதியது மனநோயே என்று முடிகிறது. மனநோய் வைத்தியனே அதைத் தீர்க்கிறான். அப்படியிருந்தும் மக்கள் நாவிலே அவை பேய்ப்படங்களாகவே நிலைத்தன. கதையின் அறிவு கொட்டகையோடு நிற்கிறது. முகத்தின் மிரட்டலே வீதியில் உலவுகிறது.

'அப்படியாயின் தடைசெய்யச் சொல்லுகிறீரா?' என்பது அடுத்த கேள்வி. இல்லை. இந்நாட்டில் 2002-ஆம் ஆண்டுத் தணிக்கைச் சட்டம் படத்தை மட்டுமன்றி அதன் விளம்பரப் பொருள்களையும் தன் பார்வைக்கு உட்படுத்தியிருக்கிறது. சட்டம் இரத்தத்தின் அளவைக் குறைக்கச் சொல்லலாம்; இரத்தம் யார் வாயில் வழிகிறது, ஏன் வழிகிறது என்று அது கேளாது. அக்கேள்வியைக் கேட்க வேண்டியவர் எழுதுகிற சித்திரக்காரர், அச்சிடுகிற பத்திரிகையாசிரியர், காசு கொடுக்கிற முதலாளி. கத்தரிக்கோல் செய்யும் வேலையன்று அது. மனச்சாட்சி செய்யும் வேலை.

'பயமுறுத்தாவிட்டால் பேய்ப்படத்துக்கு ஜனங்கள் எப்படி வருவர்?' என்பது கடைசிக் கேள்வி, வியாபாரியின் கேள்வி. இதற்கு வியாபாரத்தாலேயே விடை சொல்லுவோம். 1960-ல் ஹிட்ச்காக் தம் 'சைக்கோ' படத்துக்குச் செய்த பெரிய விளம்பரம், படம் தொடங்கியபின் எவரையும் உள்ளே விடமாட்டோம் என்பதே. மூடிய கதவே அங்கே திகில் ஊட்டிற்று. கோர முகம் தேவைப்படவில்லை. 1968-ல் வந்த 'ரோஸ்மேரியின் குழந்தை' கர்ப்பிணியைப் பற்றிய திகில் படமேதான். பிலிப் கிப்ஸ் வடிவமைத்த அதன் சுவரொட்டியைப் பாருங்கள்: பச்சை நிழலிலே ஒரு பெண்ணின் பக்கவாட்டு முகம், அதன்மேல் பாறை உச்சியிலே ஒரு குழந்தை வண்டி. இவ்வளவே. இரத்தமில்லை, கோரைப்பல்லில்லை. அங்கே கர்ப்பிணி அஞ்சுகிறவள்; அஞ்சத் தக்கவள் அல்லள். பார்க்கிறவன் அவளுக்காகப் பயப்படுகிறான்; அவளைக் கண்டு பயப்படுவதில்லை. இந்த ஒரு வேற்றுமையை நம் சித்திரக்காரர் கற்றால் போதும். அதே கிப்ஸ் 1979-ல் 'ஏலியன்' படத்துக்கு எழுதியது வெடிக்கும் ஒரு முட்டையை மட்டுமே. உலகம் திரண்டு சென்று பார்த்தது. ஆகவே, கோர முகமின்றி வியாபாரம் நடவாது என்பது பொய்; கற்பனை வறண்டவர் சொல்லும் சமாதானம்.

பத்திரிகையாசிரியர்களுக்குத் தனியே ஒரு சொல். சுவரொட்டி மழையில் நனைந்து கிழியும். மேலட்டை வீட்டுக்குள் வரும். பீடத்திலும் படுக்கையிலும் கிடக்கும். படமுதலாளி இனாமாகக் கொடுத்த படத்தை அட்டையிலே போட்டுவிட்டு, உள்ளே சமையற்குறிப்பும் மகப்பேற்று யோசனையும் அச்சிடும் பத்திரிகையைக் கேட்கிறோம்: உள்ளே சூலிக்குத் தைரியம் சொல்லும் நீர், அட்டையிலே அவளை எதற்காக வதைக்கிறீர்? அட்டைக்கு ஒரு நீதி, உட்பக்கத்துக்கு ஒரு நீதியா?

நாம் செய்தது சிறிது. அந்தக் காகிதங்களைத் தேடித் தேடிக் கிழித்தோம். அதே சுவரிலே, அதே அளவில், வேறொரு சித்திரம் தயாரித்து ஒட்டினோம். ஒரு சுமைதாங்கிக் கல். அதன்மேல் ஒரு சுமை. கீழே நான்கு வரி: கர்ப்பிணிக்குக் கடுந்தலைவலி, கண் மங்கல், முகவீக்கம், வலிப்பு இவற்றில் எது கண்டாலும் நேரே மருத்துவமனை. இரவாயினும் கிராணி வீட்டுக் கதவைத் தட்டலாம், வண்டி உண்டு. முதல் வாரம் யாரும் அதைக் கவனிக்கவில்லை. பேயளவுக்கு அது கண்ணைப் பறிக்கவில்லை. சித்திரம் நன்றாக இல்லை என்று இளைஞர்களும் சொன்னார்கள். இருக்கலாம். இரண்டு மாதம் கழித்து ஒரு நள்ளிரவில் கதவு தட்டப்பட்டது. வந்தவள் அந்த மூதாட்டி. பேத்திக்குத் தலைவலி என்றாள். பூசாரியைப் பற்றி அவளும் பேசவில்லை, நாமும் கேட்கவில்லை. வண்டியை எடுத்தோம்.

சித்திரக்காரத் தோழர்களே! உங்கள் கைத்திறனை நாம் பழிக்கவில்லை. அதன் வலிமையை அறிந்தே அஞ்சுகிறோம். நீங்கள் எழுதும் முகம் படம் ஓடி மறைந்த பின்னும் ஊரார் மனத்திலே ஒட்டிக்கொண்டிருக்கிறது; ஆபத்து வேளையிலே அவர்கள் அதைக்கொண்டே எதிரில் கிடப்பவளை அடையாளம் காண்கிறார்கள். பேயை எழுதுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. பிள்ளை பெறும்போது செத்தவளை மட்டும் விட்டுவிடுங்கள். அவள் ஏற்கெனவே ஒருமுறை செத்தவள்.